அபராதம் அல்ல, தண்டனை

குடித்துவிட்டு மோட்டார் ஓட்டுவதை நம் ஜனங்களில் பலர் அபராதம் கட்டித் தீர்த்துவிடக்கூடிய சில்லறைக் குற்றமென்றே கருதுகிறார்கள். பணத்தைக் கட்டினால் விவகாரம் முடிந்தது என்ற எண்ணம் படித்தவர்களிடையிலும் வேரூன்றியிருக்கிறது. சட்டத்தை அறியாமையால் வந்த எண்ணம் இது. பிறர் உயிருக்கு ஆபத்தான எண்ணமுமாகும்.

சட்டம் கூறுவது என்ன? 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவின்படி, 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மதுச்சத்து இருப்பதாகச் சோதனையில் தெரிந்தால், வண்டியை ஓட்டியவன் மட்டுமல்ல, ஓட்ட முயன்றவனும் குற்றவாளியே. விபத்து நேர்ந்திருக்க வேண்டுமென்ற நிபந்தனை இல்லை. 2019-ம் வருஷத் திருத்தத்தின்படி, முதல் குற்றத்துக்கு 6 மாதம் வரை சிறைவாசம், அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். மறுபடியும் செய்தால் சிறைவாசம் 2 வருஷம் வரை. அபராதம் 15,000 ரூபாய். இவற்றுடன் 6 மாதத்துக்குக் குறையாமல் ஓட்டும் தகுதியையும் பறிக்க வேண்டுமென்று 20-வது பிரிவு கோர்ட்டுக்குக் கட்டளையிடுகிறது. குற்றத்துக்கு உடந்தையாயிருப்பவருக்கும் அதே தண்டனை என்கிறது 188-வது பிரிவு. நடுத்தெருவில் பணம் கட்டிச் சமரசமாகப் போகக்கூடிய குற்றங்களின் ஜாபிதாவில் இது இல்லை. மாஜிஸ்டிரேட்டின் முன் நின்றே தீர வேண்டும்.

உயிர் போய்விட்டாலோ குற்றத்தின் தன்மையே மாறுகிறது. 2006-ம் வருஷம் மும்பையில் நடைபாதையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது ஒரு கார் ஏறியதில் 7 பேர் மாண்டனர். முதல் கோர்ட்டு அதைக் கவனக்குறைவு என்று கொண்டு 6 மாதச் சிறை விதித்தது. ஹைக்கோர்ட்டோ, உயிர்ச்சேதம் நேரக்கூடும் என்று அறிந்தே செய்த காரியம் எனத் தீர்மானித்து 3 வருஷமாக உயர்த்தியது. 2012-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையில், கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் 5 வருஷம் வரையிலும், அறிந்து செய்த குற்றமானால் 10 வருஷம் வரையிலும் சிறை உண்டு. குடித்தவன் எதையும் அறியாமல் செய்தான் என்று இரங்கிப் பேசுவோர், சக்கரத்தைப் பிடிக்குமுன் அவன் கோப்பையைப் பிடித்தது அறிந்துதான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஆயினும் எவ்வளவு கடுமையான பிரிவும் சாட்சியமின்றிச் செல்லாது. மணிக்கு மணி ரத்தத்தில் மது குறைந்துகொண்டே போகிறது. இதை உணர்ந்தே, கைது செய்த 2 மணி நேரத்துக்குள் வைத்திய பரிசோதனை நடக்க வேண்டும், நடக்காவிட்டால் கைதியை விடுவிக்க வேண்டும் என்று சட்டம் விதித்திருக்கிறது. இது பிரஜையின் சுதந்திரத்துக்குக் காப்பு. போலீஸாரின் சோம்பலுக்கு எச்சரிக்கை. தக்க காரணமின்றிச் சோதனைக்கு மறுத்தால் அந்த மறுப்பே அவனுக்கு விரோதமான சாட்சியமாகலாம். எனவே, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வேண்டுமென்றே தாமதிக்கும் அதிகாரி குற்றவாளிக்கு வக்கீலாகிவிடுகிறார்.

இனி சர்க்காரின் நிலை. 1937-ல் ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கிய இதே ராஜ்யத்தில், 2003 முதல் சர்க்கார் ஸ்தாபனமே சில்லறையில் மது விற்றுவருகிறது. நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாதென்று 2016-ல் சொல்ல ஒரு சுப்ரீம் கோர்ட்டு வேண்டியிருந்தது. அந்த விதியும் அடுத்த வருஷமே நகரசபை எல்லைகளுக்குத் தளர்த்தப்பட்டது. விற்கும் கையே தண்டிக்கும் கையுமாக இருக்குமிடத்தில், அபராதம் மதுவின்மேல் போட்ட இன்னொரு வரியாகிவிடும். பணக்காரனுக்கு அது ஒரு வேளை விருந்தின் செலவு. ஏழைக்கோ ஒரு மாதக் கூலி. இருவருக்கும் சமமான தண்டனை ஓட்டும் உரிமையை இழப்பதும் சிறையுமே.

ஆகவே, சோதனை காலத்தில் நடக்கட்டும். ஓட்டும் தகுதியைப் பறிக்கும் பிரிவு தவறாமல் பிரயோகமாகட்டும். இரண்டாம் முறை பிடிபட்டவன் பணத்தோடு தப்பாதிருக்கட்டும். ஜனங்களுக்கும் ஒரு கடமை உண்டு. குடித்த நண்பனிடம் சாவியைக் கொடுப்பவன் நண்பனல்லன், உடந்தைக்காரன். சட்டமே அப்படிச் சொல்கிறது.