முதலில் வருவது முதல் தரம் அல்ல

“கூகுளில் முதலாவதாக வருகிறது, பிறகென்ன யோசனை?” மருத்துவர் தேடும் வீட்டிலும் கல்லூரி தேடும் வீட்டிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். விற்பவர்களிடம் இதன் மறுபாதி இருக்கிறது: “சரக்கு நன்றாக இருந்தால் போதும், கூகுள் தானாக மேலே கொண்டுவந்துவிடும்.” தேடுபொறியில் கிடைக்கும் இடம் தகுதி பார்த்துக் கொடுக்கப்படுவது என்று வாங்குபவரும் விற்பவரும் ஒன்றுபோல நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. வாங்குபவரின் பணத்துக்கும் சிறுவணிகரின் பிழைப்புக்கும் ஒருசேர உலை வைக்கும் தவறு.

காரணமில்லாமல் பிறந்த நம்பிக்கை இல்லை இது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர்களாக இருந்த செர்கேய் பிரினும் லாரி பேஜும் 1998இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை, ஒரு பக்கத்துக்கு மற்ற பக்கங்கள் தரும் இணைப்புகளை வாக்குகளாக எண்ணும் முறையை முன்வைத்தது. மதிப்புள்ள பக்கம் தரும் வாக்குக்கு எடை கூடுதல். பக்கத்தில் ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்பதையே பெரிதும் நம்பியிருந்த அன்றைய தேடுபொறிகளுக்கு முன்னால் அது பெரும் பாய்ச்சல். ஆனால் அதே கட்டுரையின் பின்னிணைப்பில் அவர்கள் ஓர் எச்சரிக்கையும் விடுத்திருந்தார்கள்: விளம்பர வருமானத்தில் நடக்கும் தேடுபொறி இயல்பிலேயே விளம்பரதாரர் பக்கம் சாயும், பயன்படுத்துவோரின் தேவையை விட்டு விலகும் என்று. இரண்டே ஆண்டுகளில், 2000 அக்டோபரில், அவர்களுடைய நிறுவனமே ஆட்வேர்ட்ஸ் என்ற விளம்பரத் திட்டத்தைத் தொடங்கியது. வாக்குக் கணக்கை உலகம் நினைவில் வைத்துக்கொண்டது. எச்சரிக்கையை மறந்துவிட்டது.

அந்தச் சாய்வைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு காலத்தில் கூகுள் விளம்பரங்கள் வேறு நிறப் பின்னணியில், ஒருபார்வையிலேயே பிரிந்து தெரிந்தன. 2013 வாக்கில் அந்தப் பின்னணி போய் ஒரு சின்ன மஞ்சள் சீட்டு மட்டும் மிஞ்சியது. பிறகு அது பச்சையானது; பிறகு வெறும் பச்சைக் கோடானது. 2016 பிப்ரவரியில் கணினித் திரையின் வலப்பக்க விளம்பரங்களை நீக்கிவிட்டு, வணிகத் தேடல்களில் முடிவுகளுக்கு மேலே நான்கு விளம்பரங்கள் வரை அடுக்கினார்கள். 2020 ஜனவரியில் மற்ற முடிவுகளின் பக்கத்தில் தளத்தின் சின்னம் வரும் அதே இடத்தில், அதே அளவில், விளம்பரம் என்ற சொல்லைக் கறுப்பு எழுத்தில் வைத்தபோது எதிர்ப்பு கிளம்பி, வடிவமைப்பை மறுபடி சோதித்துப் பார்ப்பதாகச் சொல்ல வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், காசு வாங்கிக் காட்டும் முடிவுகளைப் பிரித்துக் காட்டுங்கள் என்று தேடுபொறி நிறுவனங்களுக்கு 2002இலேயே கடிதம் எழுதியது. வேறுபாடு மங்கிக்கொண்டே வருகிறது என்று 2013இல் மீண்டும் எழுதியது. பயனரின் வசதிக்காகவே மாற்றங்கள் என்றால், விளம்பரத்தை அடையாளம் காண்பது ஆண்டுக்கு ஆண்டு ஏன் கடினமாக வேண்டும்?

இடத்தின் விலை தெரிந்தால் இதன் கனம் புரியும். ஐரோப்பிய ஆணையம் 2017இல் கூகுளுக்கு எதிராக வழங்கிய முடிவில் சில கணக்குகளை முன்வைத்தது. கணினியில் தேடுவோரின் கிளிக்குகளில், விளம்பரம் அல்லாத முடிவுகளுக்குக் கிடைப்பவற்றில் ஏறத்தாழ 95 சதவீதம் முதல் பக்கத்தின் பத்து முடிவுகளுக்கே போகிறது. முதல் முடிவுக்கு மட்டும் சுமார் 35 சதவீதம். இரண்டாம் பக்கத்தின் முதல் முடிவுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 1 சதவீதம். ஒரு தளத்தைப் பத்தாம் இடத்திலிருந்து பதினோராம் இடத்துக்குத் தள்ளினால், அதை யாரும் தடை செய்யாமலே அது இல்லாமல் போய்விடும்.

தள்ளவும் செய்தார்கள். பொருள்களின் விலையை ஒப்பிட்டுக் காட்டும் தன் சொந்தச் சேவையைக் கூகுள் மேலே நிறுத்தியது. போட்டித் தளங்களில் மிக நல்ல இடம் பெற்ற தளம்கூடச் சராசரியாக நான்காம் பக்கத்தில்தான் வந்தது என்பது ஆணையத்தின் கண்டுபிடிப்பு. அபராதம் 242 கோடி யூரோ. புகார் கொடுத்தவர்களில் ஒன்று ஃபவுண்டெம் என்ற சிறிய பிரிட்டிஷ் தளம். 2006இல் தொடங்கிய சில நாட்களிலேயே அது தேடல் முடிவுகளில் ஆழத்துக்குப் போனது. ஐரோப்பிய உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் அபராதத்தை உறுதி செய்தபோது அந்தத் தளம் மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. நீதி கிடைத்தது; கடை இல்லை.

நம் பக்கத்திலும் இது நடந்தது. இந்தியப் போட்டி ஆணையம் 2018 பிப்ரவரியில் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. புகார் கொடுத்தவர்களில் ஒருவர், பாரத் மேட்ரிமோனியை நடத்திய சென்னை நிறுவனமான கன்சிம் இன்ஃபோ. எல்லாக் குற்றச்சாட்டுகளையும் ஆணையம் ஏற்கவில்லை. கூகுளும் மேல்முறையீட்டுக்குப் போனது. ஆனால் விமானப் பயணம் தேடுவோர் முன் தன் சொந்தப் பெட்டியை முக்கிய இடத்தில் வைத்தது நியாயமற்றது என்று ஆணையம் தெளிவாகச் சொன்னது. சந்தையில் இடம் ஒதுக்கும் அதிகாரி தானும் அங்கே கடை போட்டால், அவர் கடைக்கு எந்த மூலை கிடைக்கும் என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை.

“தகுதி இருந்தால் தானாக மேலே வரும்” என்பவர்கள் கூகுளின் தேடல் வழிமுறை மாற்றங்களின் வரலாற்றைப் படிக்க வேண்டும். 2003 நவம்பரில், பண்டிகை வியாபாரம் சூடுபிடிக்கும் நேரத்தில் வந்த மாற்றத்துக்கு தளங்களைத் தேடலில் மேலே கொண்டுவரும் எஸ்.இ.ஓ. தொழிலில் இருப்பவர்கள் ஃபுளோரிடா என்று பெயர் வைத்தார்கள். பல சிறு இணையக் கடைகள் ஒரே வீச்சில் முடிவுகளிலிருந்து காணாமல் போயின. 2011இன் பாண்டா மாற்றம் அமெரிக்காவில் 11.8 சதவீதத் தேடல்களைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதித்ததாகக் கூகுளே அறிவித்தது. 2012இல் பெங்குவின் என்ற மாற்றம் வந்தது. 2023 செப்டம்பரில், பயனுள்ள உள்ளடக்கத்தை உயர்த்துவதாகச் சொல்லி வந்த மாற்றத்துக்குப் பிறகு, பொருள்களைத் தாங்களே வாங்கிச் சோதித்து எழுதிய சிறிய தளங்கள் பல தங்கள் வாசகர்களில் பெரும்பகுதியை இழந்தன. காற்றுச் சுத்திகரிப்பான்களைச் சோதித்து எழுதும் ஹவுஸ்ஃபிரெஷ் அவற்றில் ஒன்று. தாங்கள் இருந்த இடத்தில், பொருளைத் தொட்டே பார்க்காத பெரிய ஊடக நிறுவனங்களின் பரிந்துரைப் பட்டியல்கள் வந்து உட்கார்ந்ததை அவர்கள் 2024இல் விரிவாக எழுதினார்கள். முந்தைய நாள் தரமாக இருந்த ஒரு கட்டுரை மறுநாள் எப்படித் தரமிழக்கும்? கட்டுரையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது கூகுளின் முடிவு.

விளம்பரம் கொடுத்துத் தப்பிக்கலாம் என்பவர்களுக்கும் வழி அடைபட்டிருக்கிறது. தேடல் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். போட்டிக்கு அஞ்சாமல் எழுத்து விளம்பரங்களின் விலையைக் கூட்ட அந்த நிறுவனத்தால் முடிந்தது என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. விளம்பரதாரர்களிடம் சொல்லாமலே விலையை 5 சதவீதம் போல உயர்த்தியதுண்டு என்று கூகுளின் விளம்பரப் பிரிவு உயரதிகாரி விசாரணையில் ஒப்புக்கொண்டார். ஒருவரின் கடைப் பெயரையே திறவுச்சொல்லாகப் போட்டி நிறுவனம் ஏலத்தில் எடுக்கிறது. தன் பெயரைத் தேடி வரும் வாடிக்கையாளரைத் தக்கவைக்க அந்தக் கடைக்காரரும் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. இந்த ஏலத்தில் கூகுள் வெறும் பார்வையாளர் இல்லை, பங்கேற்பவர் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் கூறியது.

சாதாரணப் பயனருக்கு நேரும் சேதம் இன்னும் நேரடியானது. வங்கியின் கஸ்டமர் கேர் எண்ணைத் தேடி, முதலில் கண்ணில் பட்ட எண்ணை அழைத்து, எதிர்முனையில் இருந்த மோசடிக்காரரிடம் ஓடிபி-யைச் சொல்லிப் பணத்தைப் பறிகொடுப்பது நம் நாட்டில் அன்றாடச் செய்தியாகிவிட்டது. ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட விழிப்புணர்வுக் கையேடு இதைத் தனியாகவே எடுத்துச் சொல்லி எச்சரித்தது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் போலித் தளங்கள் கூடுதல் கட்டணம் பிடுங்குவதாக அரசே எச்சரித்திருக்கிறது. ஏமாறுகிறவர்களை அறியாதவர்கள் என்று பழிப்பது அநியாயம். மேலே இருப்பது சரியாக இருக்கும் என்று இருபது ஆண்டுகளாகப் பழக்கப்படுத்தப்பட்டவர்கள் அவர்கள்.

இப்போது அந்த வரிசைக்கும் மேலே செயற்கை நுண்ணறிவு எழுதும் சுருக்கம் வந்து நிற்கிறது. 2024 மே மாதம் அமெரிக்காவில் அறிமுகமாகி, ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்தது. வந்த வேகத்தில், பீட்சாவில் பாலாடைக்கட்டி ஒட்டிக்கொள்ளப் பசையைச் சேர்க்கலாம் என்றது. அமெரிக்கப் பயனர்களைக் கவனித்த பியூ ஆய்வு மையம் 2025இல் வெளியிட்ட முடிவு இது: சுருக்கம் இல்லாத பக்கங்களில் 15 சதவீத வருகைகளில் யாரோ ஒரு தளத்தின் இணைப்பு அழுத்தப்பட்டது, சுருக்கம் வந்த பக்கங்களில் 8 சதவீதம்தான். சுருக்கத்துக்குள் காட்டப்பட்ட ஆதார இணைப்பு அழுத்தப்பட்டது வெறும் 1 சதவீதம். உழைத்து எழுதியவரின் சொற்களிலிருந்து விடை தயாராகிறது, அவர் தளத்துக்கோ ஆள் வருவதில்லை. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டால் நாளைய சுருக்கம் எதிலிருந்து வரும்?

சிலர் மறுப்பார்கள். குப்பைத் தளங்களை ஒழிக்க மாற்றங்கள் வேண்டாமா என்பார்கள். வேண்டும். பாண்டா வந்தபோது திறவுச்சொற்களுக்காகவே கட்டுரை உற்பத்தி செய்த ஆலைகள் பல இருந்தன; அவற்றைக் கீழே தள்ளியது சரியே. காரணம் சொல்லாமல், முறையிட இடமில்லாமல், தவறு செய்யாதவர்களும் சேர்ந்து புதைவதைத்தான் எதிர்க்கிறேன். வழிமுறையைத் திறந்து காட்டினால் மோசடிக்காரர்கள் பயன்படுத்திக்கொள்வார்கள் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் நாட்டின் கடைவீதியையே நிர்வகிக்கும் அளவு வளர்ந்த நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்ல மறுக்க அந்த வாதம் போதாது. பிடிக்காவிட்டால் வேறு தேடுபொறிக்குப் போகலாமே என்பது இன்னொரு மறுப்பு. கைப்பேசிகளிலும் உலாவிகளிலும் இயல்புத் தேடுபொறியாக இருப்பதற்கு மட்டும் 2021இல் கூகுள் 2,630 கோடி டாலர் செலவிட்டது என்று நீதிமன்றப் பதிவு சொல்கிறது. மக்கள் எளிதில் மாறிப்போவார்கள் என்றால் யாரும் அவ்வளவு கொட்ட மாட்டார்கள்.

எனவே வங்கி, மருத்துவமனை, அரசுச் சேவை எதுவானாலும் தொடர்பு எண்ணை அட்டையிலோ அதிகாரபூர்வ முகவரியிலோ எடுங்கள்; முடிவுகள் பக்கத்தை நம்பி எடுக்காதீர்கள். ஏமாற நேர்ந்தால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணை அழையுங்கள். சிறுவணிகர்கள் தங்கள் வாடிக்கையாளர் பட்டியலைத் தாங்களே வைத்திருக்க வேண்டும். தேடலிலிருந்து வருபவர்களை மட்டுமே நம்பிக் கடனோ கிளையோ விரிக்கக் கூடாது.

அரசுகளிடம் கேட்க வேண்டியது இதைவிடப் பெரிது. விளம்பரம் தூரத்திலிருந்தே தெரியும் நிறத்தில் இருக்க வேண்டும். பிழைப்பைப் பறிக்கும் தரவரிசை மாற்றத்துக்கு முன்னறிவிப்பும், மனிதர் பதில் சொல்லும் முறையீட்டு வழியும் வேண்டும். தேடலில் இடம் இழக்காமலே தன் எழுத்தைச் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கத்துக்குத் தர மறுக்கும் உரிமை எழுதியவருக்கு வேண்டும். பிரிட்டன் 2025 அக்டோபரில் கூகுள் தேடலைத் தனி விதிகளுக்கு உட்படுத்தும் அதிகாரத்தை எடுத்துக்கொண்டது. இந்தியாவின் எண்முறைப் போட்டிச் சட்டம் 2024 மார்ச்சில் வரைவாக வெளிவந்தது; அது சட்டமாக வேண்டும். தேடல் வரிசையைத் தகுதியின் தீர்ப்பாக நாம் ஏற்கும்வரை யாரும் எதற்கும் கணக்குக் கேட்க மாட்டார்கள். அது லாபம் பார்க்கும் ஒரு நிறுவனத்தின் முடிவு என்று ஒப்புக்கொண்டால், அந்த முடிவுக்குப் பதில் சொல்லச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு. அதைக் கேட்டுப் பெறுவோம்.