பெரிய கொசுவுக்குப் பயந்து சின்னக் கொசுவிடம் கடி வாங்குவதா?

சென்னையில் கொசுத்தொல்லை என்றதும் ஜனங்கள் கை நீட்டுவது கூவத்தையும் பக்கிங்காம் கால்வாயையும்தான். "ஒவ்வொண்ணும் ஈ சைசுக்கு இருக்கு. இது கடிச்சா ஆள் பிழைப்பானா?" என்று புலம்பாத தெரு கிடையாது.

ஆனால் கொசுவின் உருவத்துக்கும் ஆபத்துக்கும் சம்பந்தமே இல்லை!

கடிக்காத ராட்சசன்

கொசு இனத்திலேயே பெரியது டாக்சோரிங்கைட்டிஸ். நீளம் 18 மில்லி மீட்டர் வரை போகும். ஆனால் யாரையும் கடிக்காது. பூந்தேன் குடித்துப் பிழைக்கிறது. இதன் புழு மற்ற கொசுப் புழுக்களைத் தின்று தீர்க்கிறது.

அடுத்த தடியன் ஆர்மிஜெரிஸ். செப்டிக் டாங்கில் பிறந்து, பொழுது சாயும் நேரத்தில் சுருக்கென்று குத்தும். ஆனால் டெங்கு, மலேரியா பரப்புவது இந்த ஆசாமி அல்ல.

ராத்தூக்கத்தைக் கெடுப்பது கியூலெக்ஸ் என்ற சாக்கடைக் கொசு. யானைக்கால் நோய் பரப்புவது இதுதான்.

வீட்டுக்குள் எமன்

ஏடிஸ் எஜிப்தி 4 முதல் 7 மில்லி மீட்டர்தான். கறுப்பு உடம்பு, காலில் வெள்ளைப் பட்டை. பட்டப்பகலில் கடிக்கும். தண்ணீர் டிரம், பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், பிரிட்ஜின் பின்பக்கத் தட்டு, இவைதான் இதன் பிறந்த வீடு.

2006-ல் சிக்குன்குனியா வந்து மூட்டுவலியில் ஜனங்கள் முடங்கினார்களே, 2017-ல் டெங்கு வந்து ஆஸ்பத்திரிகள் நிரம்பினவே, இரண்டும் இதன் கைவரிசை!

மலேரியா பரப்பும் அனாபிலிசும் சாக்கடையில் இல்லை. மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் வளர்கிறது. வாலைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்காரும்.

சைசைப் பார்த்து இனம் பிரிக்கவும் முடியாது. புழுவாக இருக்கும்போது தீனி குறைந்தால் அதே இனக் கொசு இன்னும் சிறுத்துப் பிறக்கும். கடிக்கும் நேரத்தையும் காலில் உள்ள பட்டையையும்தான் பார்க்க வேண்டும்.

புகை போதுமா?

தெருவில் புகை அடித்தால், கட்டிலடியிலும் துணி மறைவிலும் பதுங்கும் ஏடிசுக்கு எட்டுவதில்லை. ஆனால் சோதனைக்கு ஆள் வந்தால், "எங்க வீட்ல கொசுவே இல்லீங்க" என்று கதவைச் சாத்துகிறார்கள்.

முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டினால் மட்டும் பத்தாது. பாத்திரத்தை உள்ளே தேய்த்துக் கழுவ வேண்டும். பக்கங்களில் ஒட்டிய ஏடிஸ் முட்டை, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

கால்வாயைத் தூர் வாருவது சர்க்கார் பொறுப்பு. கேட்டு வாங்க வேண்டியதுதான். வீட்டு டிரம்மைத் தூர் வார எந்த லாரி வரும்?