இரண்டாம் வருகைக்கும் பணம் ஒதுக்குங்கள்

செய்தி சேகரிக்கவென நான் சென்றுவந்த ஆசிரியர் செயலமர்வுகளுக்குக் கணக்கில்லை. மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, அதிதிகள் உரை என்று பத்தரை மணி கடந்துவிடும். வெளியூரிலிருந்து வந்த வளவாளர் மதிய உணவுக்கு முன்னும் பின்னும் பேசுவார். பின்னர் சான்றிதழ், நன்றியுரை, குழுப்படம். மறுநாள் பத்திரிகையில் படத்துடன் செய்தி வரும். அதன்பின் வகுப்பறையில் என்ன மாறியது என்று ஒருமுறையேனும் நான் எழுதியதில்லை. குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

2011 இல் நானே வளவாளராக அழைக்கப்பட்டேன். போர் முடிந்து மீளத் திறக்கப்பட்டிருந்த வன்னிப் பாடசாலை ஒன்று. செய்தி எழுதுவதை எப்படிக் கற்பிப்பது என்று அங்குள்ள தமிழாசிரியர்களுக்கு ஒரு பகல் முழுவதும் விளக்கினேன். புறப்படும்போது ஓர் ஆசிரியை கேட்டார்: "ஐயா, நாங்கள் இதைப் பிள்ளைகளுக்குப் படிப்பிச்சுப் பாத்த பிறகு இன்னொருக்கா வருவீங்களோ? அப்பதான் எங்களுக்கு என்ன விளங்கேல்லை எண்டு தெரியும்." வருவதாகச் சொன்னேன். போகவில்லை. அழைத்தவர்களிடம் இரண்டாவது பயணத்துக்கு நிதி இல்லை. எனக்கும் முனைப்பு இல்லை. அந்தக் கேள்வி மட்டும் இன்றுவரை என்னுடன் இருக்கிறது.

வெளியிலிருந்து நிபுணரை அழைக்கவும் செயலமர்வு நடத்தவும் ஆசிரியர்களின் கையில் பணம் கொடுக்கவேண்டும் என்பது நல்ல சிந்தனை. மகரகமவில் தேசிய கல்வி நிறுவகம் 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. அங்கு வகுக்கப்படும் பயிற்சி மாகாணம், வலயம் என்று இறங்கி ஆசிரியரிடம் வந்து சேரும்போது மெலிந்துவிடுகிறது. இதற்கு மாற்றாகவே, உலக வங்கியின் 10 கோடி டொலர் கடனுதவியுடன் 2012 இல் தொடங்கிய கல்வித் திட்டத்தில், பாடசாலை மட்ட ஆசிரியர் வாண்மை விருத்தி ஒரு கூறாகச் சேர்க்கப்பட்டது. தன் குறை என்னவென்பதைப் பாடசாலையே தீர்மானிக்கட்டும் என்பது அதன் அடிப்படை.

ஆனால் எந்த நிதியும் கணக்கேட்டின் வழியாகத்தான் பாடசாலைக்கு வரவேண்டும். எமது அரச நிதியாண்டு டிசம்பர் 31 இல் முடிகிறது. பணம் தாமதித்து வந்தால், அதற்குள் செலவழித்துப் பற்றுச்சீட்டும் சமர்ப்பிக்கவேண்டும். அந்நிலையில் அதிபர் ஒருவருக்கு மிக எளிதானது ஒருநாள் செயலமர்வுதான். உணவுக்கு ஒரு சீட்டு, போக்குவரத்துக்கு ஒரு சீட்டு, வரவுப் பதிவு, புகைப்படம். கணக்காய்வு திருப்தியடையும். ஆசிரியர் பழையபடியே கற்பிப்பார்.

அமெரிக்கக் கல்வியாய்வாளர்களான புரூஸ் ஜோய்சும் பெவர்லி ஷவர்சும் 1980களிலேயே இதைப் பற்றி எழுதினர். கோட்பாட்டை விளக்குவதும் செய்துகாட்டுவதும் மட்டும் வகுப்பறைக்குள் அதிகம் செல்வதில்லை. ஆசிரியர் புதியதைக் கையாளும்போது அருகிலிருந்து வழிகாட்ட ஒருவர் வேண்டும் என்பதே அவர்கள் வாதம்.

எமக்கு இதை உணர அமெரிக்காவுக்குப் போகவேண்டியதும் இல்லை. 1960களின் முற்பகுதியில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். ஆட்டமும் தாளமும் பழக்க மட்டக்களப்பிலிருந்து அண்ணாவியார் வரவழைக்கப்பட்டார். அவர் விரிவுரை ஆற்றிவிட்டுத் திரும்பவில்லை. கால் பிழைத்தால் நிறுத்தி, மறுபடி ஆடவைத்தார். அன்று ஆடிய மாணவர்களுள் ஒருவரான சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியராகித் தலைமுறைகளுக்குக் கூத்துப் பயிற்றினார். அந்த அண்ணாவியாரிடம் பட்டம் இருக்கவில்லை. இன்றைய கொடுப்பனவுப் படிவம் ஒன்றில் கல்வித் தகைமை என்ற கட்டத்தில் அவர் எதை எழுதியிருப்பார்?

எனவே நான் கேட்பவை மூன்று. யாரை அழைப்பது என்பதை வகுப்பில் நிற்கும் ஆசிரியரே எழுதிக் கேட்கட்டும். அழைக்கப்படுபவர் பேராசிரியராயினும் கடற்றொழிலாளியாயினும் அவருடைய அனுபவத்துக்கு மதிப்பளிக்கப்படட்டும். ஒதுக்கும் பணத்தில் பாதியை, இரண்டு மாதங்களின் பின் அவரே திரும்பி வந்து வகுப்பைப் பார்ப்பதற்கென்று நிறுத்திவையுங்கள்.

நிதி போதாது என்பார்கள். 2022 இன் நெருக்கடியைக் கண்ட நாட்டில் அதை மறுக்க நான் துணியேன். போதாதெனில் பத்துச் செயலமர்வுகளை ஐந்தாகக் குறையுங்கள். பணம் துர்ப்பிரயோகமாகும் என்பார்கள். குழுப்படத்துக்குப் பதிலாக, முதல் வருகைக்கும் இரண்டாம் வருகைக்கும் இடையே தாம் முயன்றதையும் தவறியதையும் ஆசிரியர் இரண்டு பக்கத்தில் எழுதித் தரட்டும். பற்றுச்சீட்டைப் போலியாகத் தயாரிக்கலாம். அந்த இரண்டு பக்கங்களை அவ்வளவு எளிதில் தயாரிக்க முடியாது.

அந்த ஆசிரியை இன்றும் எங்கேனும் கற்பித்துக்கொண்டிருப்பார். அவருடைய மாணவர் எழுதிய செய்திகளை நான் பார்க்கவே இல்லை.