பாவித்த மோட்டார் சைக்கிளின் கடந்த காலத்தை அறிந்துகொள்ளும் உரிமை

இலங்கையில் பதிவு செய்யப்பட்டுள்ள வாகனங்களில் அரைவாசிக்கும் அதிகமானவை மோட்டார் சைக்கிள்களாகும். வடக்கிலும் கிழக்கிலும் புத்தளத்திலும் அது ஆடம்பரப் பொருளன்று. விவசாயி வயலுக்குச் செல்வதும், மீன் வியாபாரி கரையிலிருந்து கிராமங்களுக்குச் செல்வதும், ஆசிரியை கஷ்டப் பிரதேசப் பாடசாலைக்குச் செல்வதும் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளிலேயே ஆகும்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களின் இறக்குமதிக்கு 2025 பெப்ரவரி மாதத்திலேயே மீண்டும் வழி திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நீடித்த அத்தடை, பாவித்த மோட்டார் சைக்கிள்களின் விலையை எவரும் எதிர்பாராத அளவுக்கு உயர்த்தியது. தடை நீங்கிய பின்னரும், ரூபாவின் பெறுமதி வீழ்ச்சியும் வரிச்சுமையும் காரணமாகப் புதிய மோட்டார் சைக்கிள் என்பது பல குடும்பங்களுக்கு எட்டாக்கனியாகவே உள்ளது. ஆகவே பத்து, பதினைந்து வருடங்கள் ஓடிய மோட்டார் சைக்கிள்கள் தொடர்ந்தும் கைமாறி வருகின்றன. நகையை அடகு வைத்துப் பணம் செலுத்துபவருக்கு, புதிதாகப் பூசப்பட்ட வர்ணத்தையும் விற்பவரின் வாய்மொழியையும் தவிர வேறு ஆதாரம் எதுவும் கிடைப்பதில்லை என்பதே இதிலுள்ள பெரும் குறைபாடாகும்.

இவ்விடயத்தில் பிரித்தானியாவின் நடைமுறை கவனத்திற்குரியது. அங்கு 1960ஆம் ஆண்டிலிருந்து வாகனங்களுக்குக் கட்டாயத் தகுதிப் பரிசோதனை நடத்தப்பட்டு வருகின்றது. மூன்று வருடங்களைக் கடந்த மோட்டார் சைக்கிளொன்று ஆண்டுதோறும் அப்பரிசோதனைக்கு உட்படுத்தப்படவேண்டும். பிறேக், டயர், விளக்குகள், சுக்கான், அதிர்வு தாங்கிகள், சட்டகம் ஆகியன பரிசோதிக்கப்படுகின்றன. அதன் பெறுபேறுகள் கணினியில் பதியப்பட்டு, 2005ஆம் ஆண்டு முதலான விபரங்களை வாகன இலக்கத்தை மட்டும் கொண்டு எவரும் இலவசமாகப் பார்வையிடக்கூடியதாக உள்ளது. எந்தத் திகதியில் சித்தியடைந்தது, எக்காரணத்தால் நிராகரிக்கப்பட்டது, அன்றைய தினம் மீற்றர் எத்தனை மைல்களைக் காட்டியது என்பன அதில் அடங்கும்.

இப்பதிவுகளை வாசிக்கத் தெரிந்தவருக்கு அவை பல உண்மைகளைச் சொல்லும். முன்னைய வருடத்தைவிட மீற்றர் வாசிப்பு குறைந்திருந்தால், மீற்றர் திருத்தப்பட்டுள்ளது அல்லது மாற்றப்பட்டுள்ளது எனச் சந்தேகிக்கலாம். ஒரே குறைபாடு வருடாவருடம் சுட்டிக்காட்டப்பட்டிருந்தால், உரிமையாளர் பராமரிப்பில் அக்கறை காட்டவில்லை என்பது தெளிவு. சில வருடங்களுக்குப் பதிவே இல்லையெனின், அக்காலத்தில் வாகனம் எங்கே இருந்தது என்று கேட்கலாம்.

அதேவேளை, அம்முறைமையும் குறைகள் அற்றதல்ல. சித்தியடைந்தமை என்பது அன்றைய நாளின் நிலைமையை மட்டுமே குறிக்கும். இயந்திரத்தின் உள்நிலையோ கியர்ப் பெட்டியின் தேய்மானமோ அங்கு ஆராயப்படுவதில்லை. நாற்பது வருடங்களைக் கடந்து, பெரிய மாற்றங்களுக்கு உட்படாத வாகனங்களுக்கு 2018ஆம் ஆண்டிலிருந்து விதிவிலக்கும் அளிக்கப்பட்டுள்ளது. எனவே பதிவுகளைப் பார்த்த பின்னரும் வாகனத்தை நேரில் பரிசோதிப்பது அவசியமாகின்றது.

எமது நாட்டின் நிலைமை என்ன? பஸ், லொறி போன்ற வாகனங்களுக்குத் தகுதிச் சான்றிதழ் கோரப்படுகின்றது. மோட்டார் சைக்கிளுக்கு அது தேவையில்லை. 2008ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட புகைப் பரிசோதனை மட்டுமே ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. அச்சான்றிதழும் காப்புறுதியும் இருந்தால் வருமான அனுமதிப்பத்திரம் பெறலாம். ஆனால் புகைப் பரிசோதனை புகையை அளக்கின்றதேயன்றி பிறேக்கை அளப்பதில்லை. விபத்தில் வளைந்து நிமிர்த்தப்பட்ட சட்டகத்தைக் கொண்ட மோட்டார் சைக்கிளும் அதில் சித்தியடையலாம். ஆண்டொன்றுக்கு இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் வீதி விபத்துகளில் உயிரிழக்கும் நாட்டில், அவர்களில் மோட்டார் சைக்கிளில் சென்றோர் பெருமளவினராக இருக்கும் நிலையில், இதனைச் சிறியதொரு குறைபாடாகக் கருதமுடியாது.

இவற்றுடன் ‘ஓபன் பேப்பர்’ எனப்படும் பழக்கமும் சேர்ந்துள்ளது. உரிமை மாற்றத்தைப் பதினான்கு நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திற்கு அறிவிக்கவேண்டும் என்பது சட்டம். எனினும், ஒப்பமிடப்பட்ட வெற்றுப் படிவத்துடன் மோட்டார் சைக்கிள் மூன்று, நான்கு கைகள் மாறிச் செல்வது சாதாரண விடயமாகிவிட்டது. விபத்தோ குற்றச்செயலோ நிகழ்ந்தால், பதிவிலுள்ள முதல் உரிமையாளரையே பொலிஸார் தேடிச் செல்வர். சோதனைச் சாவடிகளுக்கும் விசாரணைகளுக்கும் மத்தியில் நீண்ட காலம் வாழ்ந்த தமிழ், முஸ்லிம் மக்களுக்கு, இதன் விளைவு எத்தகையது என்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. வாங்கியவரின் நிலையும் பாதுகாப்பானதல்ல. முதல் உரிமையாளர் இறந்துவிட்டால் அல்லது வெளிநாடு சென்றுவிட்டால், மோட்டார் சைக்கிளைத் தமது பெயருக்கு மாற்ற முடியாமல் அவர் அல்லலுற நேரிடும்.

ஆகவே வாங்குபவர்கள் தம்மால் இயன்ற முன்னெச்சரிக்கைகளை மேற்கொள்ளவேண்டும். பதிவுச் சான்றிதழிலுள்ள இயந்திர இலக்கத்தையும் அடிச்சட்ட இலக்கத்தையும் வாகனத்தில் பொறிக்கப்பட்டுள்ளவற்றுடன் நேரில் ஒப்பிட வேண்டும். இலக்கம் தேய்க்கப்பட்டோ மீளப் பொறிக்கப்பட்டோ இருந்தால் பேச்சுவார்த்தையை அத்துடன் நிறுத்திவிடுவதே உகந்தது. லீசிங் நிறுவனமொன்றின் பெயர் சான்றிதழில் இருப்பின், கடன் தீர்க்கப்பட்டமைக்கான கடிதமின்றிப் பணம் கொடுக்கக்கூடாது. முன்னைய வருடங்களின் புகைப் பரிசோதனைச் சான்றிதழ்களையும் வருமான அனுமதிப்பத்திரங்களையும் திருத்தகப் பற்றுச்சீட்டுகளையும் கேட்டுப் பார்க்கவேண்டும். அவற்றில் இடைவெளி காணப்படின் அதற்கான காரணத்தை வினவவேண்டும். விற்பவருக்கு அறிமுகமில்லாத மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்வதும் பயனளிக்கும்.

எனினும், பொறுப்பு முழுவதையும் வாங்குபவரின் தலையில் சுமத்திவிட்டு அரசாங்கம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. 2022ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடியின்போது, வாகன இலக்கத்தையும் அடிச்சட்ட இலக்கத்தையும் இணைத்து இலட்சக்கணக்கான வாகனங்களை ஒரு சில வாரங்களில் இணையத்தின் ஊடாகப் பதிவுசெய்ய முடிந்தது. பெற்றோல் பங்கீட்டுக்காகச் செய்ய முடிந்ததை, மக்களின் உயிர்ப் பாதுகாப்புக்காகச் செய்ய முடியாது என்று கூறுவது ஏற்புடையதல்ல.

புகைப் பரிசோதனைக்கு ஆண்டுதோறும் எப்படியும் மோட்டார் சைக்கிள் கொண்டுவரப்படுகின்றது. அதே இடத்தில் பிறேக்கையும் டயரையும் விளக்குகளையும் பரிசோதித்து, மீற்றர் வாசிப்பையும் குறித்து, அவ்விபரங்களை வாகன இலக்கத்தின் கீழ் மும்மொழிகளிலும் வெளியிடலாம். இதன்மூலம் எவருடைய அந்தரங்கமும் மீறப்படப்போவதில்லை. பிரித்தானியாவின் பதிவுகளில் உரிமையாளரின் பெயரோ முகவரியோ இடம்பெறுவதில்லை. தனிநபர்கள் குறித்த தகவல்களைத் திரட்டுவதில் காட்டப்பட்ட ஆர்வத்தை, இயந்திரங்கள் பற்றிய தகவல்களை மக்களுக்கு வழங்குவதிலும் எமது அரச நிறுவனங்கள் காட்டவேண்டும்.

புதிய பரிசோதனை என்றால் புதிய கட்டணமும் புதிய இலஞ்சமும் வந்து சேரும் என்ற அச்சம் நியாயமானதே. கட்டணம் சாமானிய மக்களால் தாங்கக்கூடியதாகவும், பெறுபேறு உடனடியாகப் பகிரங்கப்படுத்தப்படுவதாகவும் அமைந்தால் அந்த அச்சத்தைப் பெருமளவு குறைக்கலாம். போக்குவரத்து அமைச்சும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களமும் இது குறித்து ஆராய்ந்து நடவடிக்கை எடுக்கவேண்டும். அதுவரை, உரிமை மாற்றமின்றி மோட்டார் சைக்கிளை வாங்குவதில்லை, விற்பதுமில்லை என்ற தீர்மானத்திற்கு வர எமது மக்கள் எவருடைய உத்தரவுக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை.