மரத்துக்கும் ஒரு கணக்கு நோட்டு

நெல்லுக்கு மூட்டைக் கணக்கு வைக்கிறோம், பாலுக்கு லிட்டர் கணக்கு வைக்கிறோம். வரப்பில் நிற்கிற தேக்குக்கும் வேம்புக்கும் மட்டும் நம்மிடம் கணக்கு இல்லை. வியாபாரி வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "மொத்தமா இவ்வளவு தர்றேண்ணே" என்கிறார். நாமும் தலையாட்டிவிடுகிறோம்.

சுவீடன் நாட்டுக் காடுகளில் ஏறக்குறைய பாதி, குடும்பங்களுக்குச் சொந்தம். அந்தக் குளிரில் ஒரு பைன் மரம் வெட்டுக்கு வர 80, 100 வருஷம்கூட ஆகும். அந்த மரத்தையே 1923 முதல் நாடு முழுக்க அளந்து வருகிறார்கள். எந்த மண்ணில் எவ்வளவு பருக்கும், எப்போது நெருக்கத்தைக் கலைத்தால் மீதி மரம் தேறும் என்பதெல்லாம் அளந்து அளந்து தெரிந்துகொண்டது.

அதே சுவீடனின் உதவியோடுதான் 1981-ல் தமிழ்நாட்டில் சமூகக் காடுகள் திட்டம் தொடங்கியது. கண்மாய்களில் நாட்டுக் கருவேலம் நட்டார்கள். பணம் வந்தது, மரமும் வந்தது. அளக்கிற பழக்கம் மட்டும் நம்ம சம்சாரிகளிடம் வந்து சேரவில்லை.

நமக்குத்தான் அது அதிகம் தேவை. குளிர்நாட்டு மரத்தில் வருஷ வளையத்தை எண்ணியே வளர்ச்சியைச் சொல்லிவிடலாம். இங்கே தேக்கில் வளையம் தெளிவாகத் தெரியும், பல மரங்களில் தெரியாது. கிணற்றுத் தண்ணீர் பாயும் தேக்கும், ஐப்பசி மழையை நம்பி நிற்கும் தேக்கும் ஒரே மாதிரி பருக்காது. 1990-களில் "இத்தனை வருஷத்தில் இத்தனை லட்சம்" என்ற தேக்கு விளம்பரங்களை நம்பிப் பணம் போட்டு இழந்தவர்கள் நிறையப் பேர்.

விற்கும்போதும் அளவு தெரிய வேண்டும். தடியின் நடுச் சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவது சந்தை வழக்கம். 4 அடி சுற்று, 10 அடி நீளத் தடிக்கு இப்படி 10 கன அடி வரும். உருளைக் கணக்கில் அதே தடி சுமார் 12.7 கன அடி. பட்டை, அறுப்புக் கழிவு என்று காரணம் சொல்வார்கள். இருக்கட்டும். ஆனால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கணக்கிலேயே வரவில்லை என்பதைத் தெரிந்துகொண்டு விலை பேசுவோம்.

செலவு ஒரு தையல் டேப்தான். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் பெயின்ட் கோடு போடுங்கள். வருஷா வருஷம் தை மாதம் அதே கோட்டில் சுற்றளவு எடுத்து, மர எண்ணோடு எழுதுங்கள். பருமன் கூடுவது குறைந்தால் தண்ணீர் போதவில்லையா, நெருக்கமா என்று பாருங்கள். நெருக்கம் என்றால் நோஞ்சான் மரத்தை எடுத்துவிடுங்கள்.

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று பத்து ஊர் நோட்டுகள் நம் மாதக் கூட்டத்துக்கு வந்தால் போதும். மதுரை மண்ணில் எந்த மரம் எவ்வளவு வளரும் என்பதை நாற்று விற்பவர் வந்து நமக்குச் சொல்ல வேண்டியிருக்காது.