பெரிய கார்புரேட்டர் வெச்சா வண்டி பறக்குமா?

மதுரையில அப்பா ஓட்டின பிரீமியர் பத்மினி இப்போ திருவனந்தபுரத்துல என்கிட்ட. 1089 சிசி, நாலு சிலிண்டர். "பெரிய கார்புரேட்டர் வெச்சா பறக்கும் சாரே"ன்னு ஒருத்தர் சொல்ல, நானும் தலையாட்டினேன். பிளாமூட்டிலிருந்து பி.எம்.ஜி. ஏறும்போதே வண்டிக்கு மூச்சு முட்டிடுச்சு. உள்ளே குழந்தைங்க, பின்னாடி பஸ் ஹாரன்!

நான் வெறும் பி.காம். ஆனா கணக்கு வரும். நாலு ஸ்ட்ரோக் இஞ்சின் ரெண்டு சுத்துக்கு ஒருமுறைதான் தன் கொள்ளளவுக்குக் காத்தை இழுக்கும். நிமிஷத்துக்கு 1500 சுத்துன்னா அதிகபட்சம் 817 லிட்டர். கார்புரேட்டர் தொண்டை அகலமானா அந்தக் காத்து மெதுவாப் போகும். வேகம் குறைஞ்சா பெட்ரோலை உறிஞ்சற சக்தியும் குறையும். பெட்ரோல் தூவாம சொட்டும். அதைச் சரிக்கட்ட பெரிய ஜெட் போடுவாங்க. அப்புறம் கரும்புகை, கரி பிடிச்ச பிளக், காலி பர்ஸ்.

பெட்டிக்கடைக்குக் கோடி ரூபா கடன் கொடுத்தா வியாபாரம் பெருகிடுமா? கேம்ஷாஃப்ட், வால்வு, எக்ஸாஸ்ட் எல்லாம் மாத்தி ரேஸ் ஓட்டறவங்களுக்குப் பெரிசு சரி. ஊர்லேர்ந்து அப்பா வண்டியைக் கொண்டுவந்து குடும்பத்தோட ஓட்டற நமக்கு கம்பெனி அளவே போதும். சுத்தம் பண்ணி, ட்யூன் பண்ணுங்க, அவ்ளோதான்.

நல்லவேளை, பழசைத் தூக்கிப் போடலை. திரும்ப மாட்டிட்டேன். பறக்கலை... ஆனா ஏறுது :-)