எழுத்தைக் கொடுத்துச் சொல்லைப் பறிப்பதா?

எழுத்தறியாமை வேறு, அறியாமை வேறு. இவ் வேறுபாட்டை உணராதவர் முதியோர்க்கு எழுத்துக் கற்பிக்கப் புகுதல், மண்ணின் இயல்பறியாதவன் ஏர் பிடிக்கப் புகுதலை ஒக்கும். நாற்பதாண்டு நாற்று நட்டவளும், ஐம்பதாண்டு கடலோடியவனும் அரிச்சுவடியின் முன் அமரும்போது வெறுங்கையராய் வருவதில்லை. ஒரு மொழி முழுமையும் அவர் நாவில் உள்ளது. அதன் வரிவடிவம் ஒன்றே அவர்க்கு வாய்க்கவில்லை. அவ் வடிவைக் கொடுப்பதே தொண்டர் பணி. அதைக் கொடுத்துவிட்டு அவர் நாவிலுள்ள சொல்லைப் பறித்துக்கொள்வாராயின், அத் தொண்டால் தமிழுக்கு விளைவது ஆக்கமா, இழப்பா?

முதியோர் எழுத்தறிவுப் பணி இந் நாட்டிற்குப் புதிதன்று. 1978-ஆம் ஆண்டு அக்தோபர் 2-ஆம் நாள் நடுவணரசு தொடங்கிய முதியோர் கல்வித் திட்டம் 15 முதல் 35 வரை அகவையினரை நோக்கியது. நடுவம் ஒன்றுக்கு 30 பேர். நடத்துவோர்க்குத் திங்களுக்கு 50 உருபா. 1988-இல் தோன்றிய நாட்டு எழுத்தறிவு இயக்கத்திற்குப் பின்னர் ஊதியம் பெறாத தொண்டரே பணியின் தூணாயினர். ஒருவர்க்குப் பத்துப்பேர், ஏறத்தாழ 200 மணி நேரம் என்பது அவர்க்கு வகுக்கப்பட்ட அளவு. கேரளத்து எர்ணாகுளம் 1990-இல் முழு எழுத்தறிவு எய்தியதாக அறிவிக்கப்பட்டது. அடுத்து அறிவொளி இயக்கம் தமிழ்நாட்டில் பரவிற்று. 1991–92-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்துக் கற்க வந்த பெண்கள் பல்லாயிரவர் மிதிவண்டி ஓட்டவும் கற்று, பிறர் துணை வேண்டாது தம் வேலைக்குத் தாமே சென்றனர். எழுத்து ஏட்டளவில் நில்லாது வாழ்க்கையில் இறங்கியதற்கு அது சான்று. 2022-இல் தொடங்கிய நடுவணரசின் புதிய திட்டமும் 15 அகவைக்கு மேற்பட்டோர்க்குத் தொண்டரைக் கொண்டே கற்பிக்க முனைந்தது.

எனினும் பணி முடிந்ததா? 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு. பெண்டிருள் அது 73.44. ஏழு அகவை நிரம்பிய பெண்களுள் நால்வருக்கு ஒருவர்க்கு மேல் எழுத்தறியாதவர் என்பது இதன் பொருள். முச்சங்கம் வளர்த்ததாகப் பெருமை பேசும் இனத்திற்கு இஃது இழுக்கே.

ஆகவே, தொண்டர் இன்னும் மிகுதியாக வேண்டும். ஆனால், எத்தகைய தொண்டர் வேண்டும் என்பதே ஈண்டு எண்ணத்தக்கது.

மாலையில் கற்க வரும் உழவன் ஒருவன் தன் தொழிலை "வெள்ளாமை" என்கின்றான். கற்பிக்க வந்த கல்லூரி மாணவர், "அப்படிச் சொல்லக் கூடாது, விவசாயம் என்று சொல்" எனத் திருத்துகின்றார். வெள்ளாமை யாது? வேளாண்மை என்னும் சொல்லின் மக்கள் வழக்கு. 2021-இல் தமிழ்நாட்டரசு தன் துறைக்கு வேளாண்மை – உழவர் நலத்துறை என்று பெயரிட்டது. கல்லா உழவன் நாவிலிருப்பது அத் துறைப் பலகையோடு ஒத்த தமிழ். கற்ற இளைஞர் திருத்திக் கொடுத்ததோ வடசொல்! இவ்வாறே, "சோறு" என்றவளைச் "சாதம்" என்னவும், "பேறுகாலம்" என்றவளைப் "பிரசவம்" என்னவும் பழக்குகின்றனர். தன் சொல் தாழ்ந்தது, பிறன் சொல் உயர்ந்தது என்னும் எண்ணமே அவர்க்கு முதற் பாடமாகின்றது. எழுத்து நெஞ்சில் பதியுமுன் இழிவு பதிந்துவிடுகின்றது. இழிவுற்ற முதியவர் மறுநாள் வருவதில்லை. "ஆர்வமில்லாதவர்" என்று ஏட்டில் குறித்துவிட்டுத் தொண்டர் வாளா இருக்கின்றார். ஆர்வமின்மை யாரிடத்து?

ஏடு கைவிட்ட தமிழ்ச்சொல் பலவற்றை ஏடறியா மக்களே காத்துத் தந்துள்ளனர். வாடை, கொண்டல் என்னும் காற்றுப் பெயர்கள் கழகக் கால நூல்களில் உள்ளன; கடற்கரைக் குடில்களிலும் வழங்குகின்றன. பாவும் ஊடையும் தறிக்குழியில் வாழ்கின்றன. மடையும் கொழுவும் வயலில் வாழ்கின்றன. இவற்றைப் பேசுவோர்க்கு எழுத்துக் கொடுத்தால், அச்சொற்கள் ஏடேறும். கொடாது விட்டால், அவரோடு மறையும். தனித்தமிழ் அன்பர்க்கு எழுத்தறிவுப் பணி தலையாய பணியாவது இக் கரணியம் பற்றியே.

கற்பிக்கும் முறையும் இவ்வழியே அமைதல் வேண்டும். தமிழெழுத்து 247 என்றவுடன் முதியவர் மலைக்கின்றார். 12 உயிரும் 18 மெய்யும் ஓராய்தமும் போக, எஞ்சிய 216-உம் அவற்றின் சேர்க்கையே. 1978-இல் பெரியார் கையாண்ட எழுத்துச் சீர்மையைத் தமிழ்நாட்டரசு ஏற்றபின், ஆகார ஐகார வரிசைகளில் இருந்த விலக்குகளும் நீங்கின. உகர ஊகார வரிசைகளே தனிப் பயிற்சி வேண்டுவன. இதனை உணர்ந்த தொண்டர் எழுத்து வரிசையிற் தொடங்கார், சொல்லிற் தொடங்குவார். "படி" என்னும் ஒரு சொல் போதும். நெல்லளக்கும் படியும், வாயிலில் ஏறும் படியும், நூலைப் படி என்னும் ஏவலும், "சொன்னபடி" என்னும் வழக்கும் கற்பவர் முன்பே அறிந்தவை. அவ் ஈரெழுத்திலிருந்து பிடி, பாடி, பாட்டி என விரியும். பிரேசில் நாட்டில் பாவுலோ பிரேயிரே என்பார் 1963-இல் உழைப்பாளர்க்கு அவர்தம் வாழ்க்கைச் சொற்களைக் கொண்டே எழுத்துக் கற்பித்து உலகின் கருத்தை ஈர்த்தார். பிறநாட்டார் கண்ட அவ் வழி தமிழர்க்கு அயலானதன்று.

"அலுவலகத்தில் விவசாயம் என்றும், பிரசவம் என்றும் எழுதியிருந்தால் கற்றவர் படிக்க வேண்டாவா?" என்று சிலர் வினவலாம். வேண்டும். அச் சொற்களையும் படிக்கவும் பொருள் அறியவும் கற்பித்தல் கடமையே. கண்ணுக்குத் தெரியும் சொல்லை மறைத்தல் கல்வியாகாது. ஆயின், "இது பிறர் எழுதுவது; உன் சொல் உயர்ந்தது; அதனை நீயும் எழுதலாம்" என்று சேர்த்துச் சொல்லுதல் அதனினும் பெரிய கடமை.

கற்ற எழுத்து துருப்பிடிப்பதற்கும் முதியோர் மட்டும் பொறுப்பாளரல்லர். தமிழே ஆட்சிமொழி என்னும் சட்டம் 1956-இல் நிறைவேறியது. அதன்பின்னும், அரும்பாடுபட்டுப் படிக்கக் கற்ற அம்மையார் வைப்பகத்திற்குச் சென்றால் ஆங்கிலப் படிவம் நீட்டப்படுவது உண்டு. தமிழ் படிக்கத் தெரிந்தும் அவர் மீண்டும் பிறர் கையை எதிர்பார்க்கின்றார். கைந்நாட்டை ஒழிக்கப் புறப்பட்டோர், கற்றவரை மீண்டும் கைந்நாட்டாக்கும் படிவத்தை எதிர்க்காமல் இருப்பது எங்ஙனம் பொருந்தும்? பெயரெழுதக் கற்றதோடு எழுத்தறிவு முடிவதன்று. தன் கையெழுத்து எதன் கீழ் இடப்படுகின்றது என்பதைப் படித்தறிந்து இடுவதே எழுத்தறிவு.

இறுதியாக, தனித்தமிழ் அன்பர் தமக்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். ஊர்ப்புறத்தார் பேச்சில் கலந்துள்ள அயற்சொல்லைக் கேட்டவுடன் முகஞ் சுளிப்பதும், அவர் அறியாத புத்தாக்கச் சொற்களைச் சுமையாக ஏற்றுவதும் "விவசாயம் என்று சொல்" என்றவர் செய்த பிழையே. முன்னவர் வடமொழியால் இழிவுபடுத்தினார். இவர் தமிழால் இழிவுபடுத்துகின்றார். இழிவுறுவோர் ஒருவரே. முதற்கண் அவர் சொல்லுக்கு எழுத்துத் தருக. தூய சொல் அவர் மகிழ்ந்து ஏற்கும் நாளில் தானே வரும்.

ஆதலின், மாலைதோறும் ஒரு மணி நேரம் ஒதுக்க இயலும் தமிழ் இளைஞர் ஒவ்வொருவரும் தம் தெருவிலேயே எழுத்தறியாதார் ஒருவரைத் தேடிச் செல்க. செல்லுங்கால் இரண்டு ஏடுகளை எடுத்துச் செல்க. ஒன்று அவர் எழுதுதற்கு. மற்றொன்று அவர் வாய்ச்சொல்லைத் தொண்டர் எழுதிக்கொள்ளுதற்கு. திங்கள் ஆறு கழித்து இரண்டு ஏடுகளும் நிரம்பியிருக்குமாயின், ஒருவர் கண் பெற்றிருப்பார். தமிழும் தான் இழக்கவிருந்த செல்வத்தை மீளப் பெற்றிருக்கும்.